செல்வமேரி ஸ்பீக்கர் சேர்த்த கதை

எங்கள் அம்மா செல்வமேரிக்கு இந்த உலகத்தில் தெரியாத காரியம் ஒன்றுகூடக் கிடையாது. இது நான் சொல்வதல்ல, அவளே சொல்வது. தாராவி கிராஸ் ரோட்டுக்குள் எங்கள் சந்தில் யாருக்காவது மிக்ஸி ஓடவில்லை, பிள்ளைக்கு வயிறு சரியில்லை, ஆதார் கார்டில் பெயர் தப்பு என்றால் முதலில் அவளிடம்தான் வருவார்கள். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல, கொண்டா" என்பாள். அப்படி வந்த மிக்ஸிகளில் பாதி அதன் பிறகும் ஓடியதில்லை. ஆனால் கொண்டுவந்தவர்கள் தைரியமாகத் திரும்பிப் போவார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் அவள் ஆயா. டீச்சர் பாடம் நடத்துவார், அம்மா பிள்ளைகளை உட்கார வைப்பாள். இரண்டில் எது கஷ்டம் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டதில் எனக்கு ஒரு சாயங்காலமே போய்விட்டது.

அப்பா ஞானசீலன் நேர் எதிர். அம்பர்நாத்தில் டப்பா மூடி அடிக்கிற ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே மெஷின். நாள் முழுக்க அது டமார் டமார் என்று பேசுவதால் வீட்டுக்கு வந்து இவர் பேசுவதில்லை. அந்த மெஷின் அவர் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முழுச் செவிடு இல்லை. சத்தம் கேட்கும், வார்த்தைதான் கலங்கிப் போய் வரும். அம்மாவின் ஆராய்ச்சிப்படி, அவருக்கு ஒரு பேச்சின் ஆரம்பத்து எழுத்து மட்டும் போய்ச் சேராது. ஒருநாள் பருப்பு வாங்கி வரச் சொன்னாள். அவர் அவளுடைய செருப்பை எடுத்துப் போய்த் தைத்துக்கொண்டு வந்து நின்றார். தையல் அருமையாக இருந்ததால் அம்மாவால் திட்டவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு "ஏங்க" போட்டுத்தான் சொல்வாள்.

"தொலையுதது அந்த ஏங்கவாத் தொலையட்டும்ட்டி. மிச்சம் முழுசாப் போய்ச் சேரும்லா" என்றாள் என்னிடம்.

காது மெஷின் ஒன்று வாங்கிப் போட்டும் பார்த்தார். குக்கர் விசில், அடுத்த வீட்டுக் கரண்டி, எங்கள் அம்மா, எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் ஏறி வந்ததில் அன்றைக்கே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது. "எனக்கு என்ன செவிடா?" என்று கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியானம் எங்கள் வீட்டில் சினிமா. மேல் ரூம் பார்வதியம்மாள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கி வந்துவிடுவார். அப்பாவும் உட்காருவார். காமெடி வந்தால் நாங்கள் சிரிப்போம். கொஞ்சம் கழித்து அவரும் சிரிப்பார். இந்தக் "கொஞ்சம் கழித்து" என்பதை நான் ரொம்ப நாளாகக் கவனித்துவந்தேன். அவர் டிவியைப் பார்ப்பதே இல்லை. எங்கள் மூஞ்சியைத்தான் பார்ப்பார். எங்கள் மூஞ்சி சிரித்தால் அவரும் சிரிப்பார்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெடுத்தது பார்வதியம்மாள். அவர் அழுதால் முகம் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அது அவர் தப்பில்லை, அமைப்பு அப்படி. ஒரு ஞாயிறு, படத்தில் கதாநாயகனின் தங்கை சாகிறாள். பார்வதியம்மாள் அழ ஆரம்பித்தார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

எல்லோரும் திரும்பினோம். அப்பாவும் எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, "உள்ள வேக்காடா இருக்கு" என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், சந்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறும் வெளியேதான். அதற்கடுத்த ஞாயிறும். உள்ளே எங்களுக்கும் சிரிப்பு சரியாக வரவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா திடீரென்று அறிவித்தாள்: "ஏங்க, எனக்குக் காது சரியாக் கேக்க மாட்டேங்கு. டிவி வசனம் ஒண்ணும் வெளங்கல. ஒரு ஹோம் தியேட்டர் வைக்கப் போறேன்."

சந்தின் முனையில் யார் வீட்டில் தோசை சுடுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்கிற பொம்பளை இவள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்பா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வயசாகுதுல்லா மேரி. பீரோவுல என் மெஷின் சும்மாதான கெடக்கு? நீ போட்டுப் பாரேன்."

"எனக்கு என்ன செவிடா?" என்றாள் அம்மா.

கடையில் புதுப் பெட்டியோடு வருகிற செட் எங்கள் வீட்டு வருமானத்துக்குச் சரிவராது. அதற்கு அம்மா கவலைப்படவில்லை. "தாராவியில இல்லாத ஸ்பீக்கரா? தேடுங்க, கண்டடைவீங்கன்னு எழுதியிருக்கு" என்றாள். அது ஸ்பீக்கரைப் பற்றி எழுதியதில்லை என்று நான் சொன்னதற்கு மண்டையில் ஒன்று விழுந்தது.

உண்மையாகவே கிடைத்தது. எங்கள் சந்து ஆட்டோக்காரர் பைசான் புது வண்டி எடுத்தபோது பழைய வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கரைக் கொடுத்தார். அவை பாடினால் கூடவே நீல விளக்கு எரியும். சாவு வீடானாலும் எரியும். பார்வதியம்மாளின் பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் வந்தது. அதன் ஜோடி அவர் வீட்டில் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்ததால் அதை எடுக்க விடவில்லை. அந்த இடத்துக்குப் பழைய சாமான் கோடவுனிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் ஸ்பீக்கர். ஒன்று குள்ளம், ஒன்று நெட்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வற்புறுத்திக் கட்டிவைத்த மாப்பிள்ளை பெண் மாதிரி நிற்கும்.

மைக் செட் பூலோகம் தன் பங்குக்கு ஊர்வலத்துக்குக் கட்டுகிற பெரிய பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பூலோகம் வள்ளியூர் பக்கத்துக்காரர், பம்பாய்க்கு வந்து ரொம்ப நாளாகவில்லை. ஹிந்தியில் "கித்னா" என்று விலை கேட்கிற ஒரு வார்த்தை மட்டும் தெரியும், அதற்கு வருகிற பதில் புரியாது. ஆனால் வயர் விஷயத்தில் ஆள் கில்லாடி.

"இந்தப் பொட்டி இருந்தாத்தான் மைனி பஸ் வரும்" என்றார்.

"இந்தச் சந்துக்குள்ள எப்படிய்யா பஸ் வரும்?"

"அந்த பஸ் இல்ல மைனி. அடி சத்தம். திம் திம்னு நெஞ்சில இடிக்கும் பாத்தியளா, அது."

அதை மற்றவர்கள் "பேஸ்" என்பார்கள். பூலோகம் ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருக்கிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்து "பஸ்" ஆக்கிவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆம்ப்ளிஃபயர் வாங்க நானும் அம்மாவும் லாமிங்டன் ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் பளபளப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனித் திருகு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, மொத்தத்துக்கும் ஒன்றுதான். அம்மா அதைத் தள்ளி வைத்தாள்.

"எங்க கிளாஸ்ல ஒண்ணு தொண்டை கிழியக் கத்தும், ஒண்ணு வாயே தெறக்காது" என்றாள் என்னிடம். "எல்லாத்துக்கும் ஒரே அதட்டல் போட்டா, கத்துதது இன்னும் கத்தும், தெறக்காதது அழுதுரும். கத்துதத அமத்தணும், அமந்துருக்கத தூக்கி விடணும். ஸ்பீக்கரும் அப்படித்தான்."

கடைசியில் ஆறு திருகு வைத்த ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அழகு இல்லை. எங்கள் ஸ்பீக்கர்களுக்கு நடுவே அதற்கு ஒன்றும் கூச்சமாக இருக்காது.

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாம் தயார். ஆட்டோ ஸ்பீக்கர் இரண்டும் பின்சுவரில், பாத்திரம் கழுவுகிற மோரிக்கு மேலே, குழாய்த் தண்ணீர் தெறிக்காத உயரத்தில். மரப்பெட்டியும் கறுப்பும் டிவிக்கு இரண்டு பக்கமும். பெரிய பெட்டி பாத்திர அலமாரிக்குக் கீழே, வேறு இடமில்லை. நான் போனை இணைத்துப் பின்ஸ்பீக்கரில் மட்டும் குக்கர் விசில் ஓட்டிச் சோதித்தேன். அம்மா போய் அடுப்பை அணைத்தாள். மறுபடி ஓட்டினேன், மறுபடி போனாள். அன்றைக்குச் சோறு வேகாததற்குக் காரணம் அரிசி என்றுதான் இன்றுவரை வீட்டில் பேச்சு.

"ஏங்க, உள்ள வந்து உக்காருங்க. எனக்குச் சரியாக் கேக்குதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பூலோகம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். பைசான் வாசலில். வெளியே எவ்வளவு சத்தம் போகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. படம் ஆரம்பித்தது. முதல் காட்சியே தேர்த் திருவிழா, மேளம்.

"பஸ்!" என்றார் பைசான் வாசலிலிருந்து.

ஹிந்தியில் அதற்குப் போதும் என்று அர்த்தம். பூலோகத்துக்கு அதற்கு வேறு அர்த்தம். ஆஹா, ரசிகன் கேட்கிறான் என்று பஸ் திருகை ஒரு சுற்று கூட்டினார்.

"அரே பஸ்! பஸ் கரோ!"

இன்னொரு சுற்று.

"பஸ் பாய், பஸ், பஸ்!" பைசான் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார். பூலோகத்துக்கு அது திருவிழாக் கூட்டத்தில் ஆடுகிறவன் மாதிரியே தெரிந்திருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு திருகைக் கடைசி வரை கொண்டுபோனார்.

எரிகோ கோட்டை எக்காளச் சத்தத்தில் விழுந்தது என்று சண்டே ஸ்கூலில் படித்தபோது நான் நம்பவில்லை. அன்றைக்கு நம்பினேன். அலமாரியிலிருந்து தட்டு, டம்ளர், தோசைக்கல் என்று வரிசையாக இறங்கின. மேலே தகரம் அதிர்ந்தது. பார்வதியம்மாள் ஸ்டூலோடு ஒரு சாண் நகர்ந்திருந்தார். "ஏளா மேரி, என் நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுது, நிப்பாட்டச் சொல்லுளா!" என்று கத்தினார்.

பூலோகம் நிறுத்தியபோது அப்பா எழுந்து நின்றிருந்தார். கோபமாக இல்லை. களைத்துப்போன முகம்.

"ஃபேக்டரியில மெஷினாவது மூச்சு விடும்" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் கேக்காங்க. அடுத்த வாரம் பேர் குடுத்துரலாம்னு இருக்கேன். இங்க சும்மா உக்காந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுச் சந்து முனைக்கு நடந்துபோனார்.

அம்மா கீழே கிடந்த தட்டுகளைப் பொறுக்கினாள். அவள் பேசாமல் எதையாவது செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

அடுப்பு மேடையில் கடைசித் தட்டை வைத்துவிட்டு, "பூலோகம்" என்றாள். "இந்த பஸ் கூட்டும்போது வசனம் எங்க போகுது?"

"அதுக்கடியில மாட்டிக்கிடும் மைனி."

"அப்போ அவியளுக்கு வேண்டியது சத்தம் இல்ல. எழுத்து." யாருடைய காது என்பதை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டாள். "இந்தப் பொட்டிய பஸ் பண்ணிரு. பைசான் பாய் சொல்லுத பஸ்."

பூலோகத்தின் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் வயரைக் கழற்றினார்.

அன்றிரவே அம்மாவுக்கு மனசில் இன்னொன்று தட்டியிருக்கிறது. காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். "ஏட்டி ஜெஸி! ஒங்கப்பா கோயில்ல பிரசங்கம் கேட்டுட்டு வந்து, பாஸ்டர் அதத் தப்பாச் சொன்னாரு, இதத் தப்பாச் சொன்னாருன்னு வரிக்கு வரி குத்தம் சொல்லுதாவல்லா? அது மட்டும் எப்படிக் கேக்குது?"

யோசித்தால் சரிதான். அப்பா எப்போதும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார். பக்கத்துத் தூணில், காதுக்கு நேராக, ஒல்லியாக நீளமாக ஒரு ஸ்பீக்கர் தொங்கும். பிரசங்கத்துக்கென்றே செய்தது. பாட்டு அதில் தகரமாக வரும், பேச்சு அட்சர சுத்தமாக வரும். அதன் கூடப்பிறந்தது ஒன்று கோயில் ஸ்டோர் ரூமில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கீழே தூசி படிந்து கிடப்பது எனக்குத் தெரியும். ஒளிந்து விளையாடின காலத்து அறிவு.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் போய்க் கேட்டோம். அவர் தயங்கினார். "எடுத்துட்டுப் போங்க. ஆனா சபை சாமான். இதுல சினிமாப் பாட்டு கீட்டு ஓடக் கூடாது, பாத்துக்கிடுங்க."

"பாட்டே வராது ஐயா. வசனம் மட்டும்தான்" என்றாள் அம்மா. அது பொய்யில்லை. ஆறு திருகில் 'சென்டர்' என்று போட்ட நடுத் திருகு பேச்சுக்கென்றே இருப்பது. பாட்டு பெரும்பாலும் மற்றவற்றில் போய்விடும். சுவிசேஷத்துக்கு விரோதமில்லாமல் படம் பார்க்கலாம்.

பூலோகம் இணைத்தபோது முதலில் கொசு முனகுகிற சத்தம்தான் வந்தது. பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினார். கோயிலில் வயர் நீளமாகப் போவதால் அது வேண்டுமாம், வீட்டுக்கு வேண்டாமாம். கழற்றி, மறுபடி இணைத்தார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து முதல் வார்த்தை வந்ததும் அம்மாவின் கை தானாகப் போய் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டது. வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் "ஆமென்" என்றேன். முக்காட்டை எடுத்துவிட்டு என்னை அடிக்கத் தேடினாள்.

சண்டை வந்தது அதை எங்கே மாட்டுவது என்பதில். பூலோகம் டிவிக்குக் கீழே என்றார். அம்மா வாசல் நிலைக்கு உள்பக்கம் என்றாள். அப்பா வெளியே நாற்காலி போடுகிற இடத்துக்குக் கைக்கெட்டுகிற தூரம் அது.

"மைனி, வாயசைக்கது அங்க, சத்தம் இங்கனயா? ஊர்ல சொன்னா சிரிப்பாவ."

"பாஸ்டர் நிக்கது பீடத்துல, சத்தம் வருதது தூணுலேருந்து. எவனாவது எந்திச்சுக் கேட்டானா?"

பூலோகம் ஆணி எடுத்தார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை முழுக்க அம்மா தன் வகுப்பை உட்கார வைத்தாள். மரப்பெட்டி சாது, அதைத் தூக்கிவிட்டாள். கறுப்பு வாயாடி, அமர்த்தினாள். ஆட்டோ ஸ்பீக்கர்கள் கிரீச்சென்றன, அவற்றைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அவள் பள்ளியில் அப்படித்தான் செய்வாளாம். பூலோகத்தின் பெரிய பெட்டி போகவில்லை. மேலே துணி போட்டு இஸ்திரி மேடையாகிவிட்டது.

ஞாயிறு வந்தது. அப்பா காலையிலேயே, நாளைக்கு சூப்பர்வைசரிடம் பேர் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அம்மா கூப்பிடவில்லை. படத்தைப் போட்டாள்.

இரண்டு திருடர்கள் ஒரு வீட்டுச் சுவரருகே பதுங்கியிருக்கிறார்கள். பேச ஆரம்பித்தார்கள். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பிறகு தலை பாதி திரும்பியது. பிறகு நாற்காலி பாதி திரும்பியது. அவர் கண் எங்கள் மூஞ்சியில் இல்லை, டிவியில் இருந்தது.

"வீட்டுக்காரன் தூங்குறானா?" என்றான் ஒரு திருடன்.

"நல்லாத் தூங்குறாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் தட்டி எழுப்பிக் கேட்டேன்."

பார்வதியம்மாள் ஸ்டூலில் உருண்டார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் படத்தையே பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்தும் சிரிக்கவில்லை.

அம்மாவின் முகம் விழுந்துபோனது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். "ஏங்க," என்றாள், "கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றார் அப்பா.

"என்ன சொன்னான்?"

"தட்டி எழுப்பித் தூங்குறியான்னு கேட்டானாம்." அப்பா எழுந்து, நாற்காலியை நிலைப்படி தாண்டி உள்ளே தூக்கி வைத்தார். முகத்தில் பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிற அதே எரிச்சல். "இதுக்கா இத்தன வருசமும் இந்தச் சிரிப்புச் சிரிச்சிய? நான் என்னமோ பெருசா இருக்கும்னுல்லா நெனச்சு உங்க கூடச் சேந்து சிரிச்சேன்? எழுப்புனா அவன் முழிச்சுக்கிட மாட்டானா? கிறுக்குப் பயலுவ."

"ஒங்கள ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி, தமாசுன்னா அப்படித்தான இருக்கும்?" என்றார் பார்வதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தமாசுக்கும் ஒரு நியாயம் வேணும்லா?" என்ற அப்பா, அம்மா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "ஒனக்குக் கேக்குதா மேரி, இப்போ?"

"நல்லாக் கேக்குது" என்றாள் அம்மா.

"அப்போ சரி." உட்கார்ந்துகொண்டார். படம் மறுபடி ஓடியது. திருடர்கள் சுவரேறினார்கள். அம்மாவுக்கு இரண்டு மாசமாக அடக்கிவைத்த பெருமையெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "நான் சொன்னம்லா பூலோகம் கிட்ட, நிலையிலதான் மாட்டணும்னு. அவன் கேக்கவா செஞ்சான்? லாமிங்டன் ரோட்டுல அந்தக் கடைக்காரன் இருக்கானே…"

"ஸ்ஸ்" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இரு மேரி. அடுத்தவன் என்ன கிறுக்குத்தனம் பண்ணுதான்னு கேப்போம்."

எங்கள் அம்மாவை இதுவரை யாரும் அப்படி அடக்கியதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு, எழுந்து போய், நடுத் திருகை இன்னும் ஒரு துளி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.